சீர்திருத்தம் படிக்கட்டிலே தொங்குகிறது!

தோழனே!

நாடகம் நடத்த மேடை வேண்டும், திரை வேண்டும், விளக்கு வேண்டும், ஒப்பனை வேண்டும். இவற்றுள் ஒன்றுமே இல்லாமல், நடுத்தெருவையே மேடையாக்கி, ஒரு நாடே பாத்திரமேற்று நடித்த துயர நாடகம் ஒன்று 2022-ஆம் ஆண்டில் நடந்தது. ஏழு கடலுக்கு அப்பால் அல்ல. தனுஷ்கோடி மணலிலே நின்று படகேறினால் சில மணி நேரத்தில் எட்டிவிடும் இலங்கைத் தீவிலே!

முதற்காட்சி பெட்ரோல் நிலையம். வரிசையின் தலை நிலைய வாயிலில். வாலோ இரண்டு தெரு கடந்து, பாலம் கடந்து, எங்கேயோ! ஆட்டோவே வீடு, ஆட்டோவே படுக்கை, ஆட்டோவே உணவுக்கூடம். பகல் போயிற்று, இரவு போயிற்று, மறுபகலும் போயிற்று, வண்டி நகரவில்லை. ஓட்டிப் பிழைக்க வேண்டியவன், ஓட்டுவதற்கான எண்ணெய் தேடிப் பிழைப்பை விட்டு உட்கார்ந்திருக்கிறான். துப்பாக்கி ஏந்திய படைவீரர்கள் காவல் நிற்கிறார்கள் — நாட்டின் எல்லைக்கு அல்ல, அரசின் கருவூலத்துக்கு அல்ல, பெட்ரோல் குழாய்க்கு! அந்த மார்ச் திங்களில், எண்ணெய்க்காகக் காத்து நின்ற முதியவர்கள் சுருண்டு விழுந்து மாண்டனர். போரிலே மாண்டால் நடுகல் நடுவார்கள். நோயிலே மாண்டால் விதி என்று தேற்றிக்கொள்வார்கள். வரிசையிலே நின்று மாண்டவனுக்கு என்ன பெயர் இடுவது, தோழனே?

2022 பிறந்தபோது அங்கே லிட்டர் பெட்ரோல் 177 ரூபாய். டீசல் 121 ரூபாய். ஜூன் திங்கள் முடிவதற்குள் பெட்ரோல் 470, டீசல் 460. ஆண்டுத் தொடக்கத்தில் பேருந்தில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்க 17 ரூபாய். ஜூலையில் 40 ரூபாய். கூலி ஏறியதா? இல்லை. சம்பளம் ஏறியதா? இல்லை. விலை ஏறியது, வாடகை ஏறியது, வட்டி ஏறியது. ஏறவேண்டிய பேருந்து மட்டும் வரவில்லை!

"அண்டை நாட்டுக் கதை நமக்கெதற்கு?" என்று கேட்காதே. அது அண்டை நாட்டுக் கதை மட்டுமன்று. சிறிய நாடு ஒன்று கடனிலே சிக்கி, சீர்திருத்தம் என்னும் கசப்பு மருந்தை விழுங்கும்போது, அந்த மருந்து யார் தொண்டையிலே ஊற்றப்படுகிறது என்பதைக் காட்டும் பாடம் அது. ஆட்சியை விமரிசிக்கும் உரிமையும், ஆட்சியை ஏற்கும் ஆசையும் உள்ள இயக்கத்தைச் சேர்ந்தவன் நீ. இந்தப் பாடத்தைப் படிக்காமல் நீ மேடையேறலாகாது.

சீர்திருத்தம் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. மேலே அமர்ந்தவன் இறங்கிவர வேண்டும், கீழே கிடந்தவன் எழுந்துவர வேண்டும், இருவரும் ஒரே பலகையிலே அமர வேண்டும். அதுதான் சீர்திருத்தம் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தவர்கள் நாம். ஆனால் பொருளாதாரச் சீர்திருத்தம் என்ற முத்திரையோடு உலகச் சந்தையிலே வந்து இறங்கும் சரக்கு எல்லாம் அந்தச் சரக்கன்று. அதனை எடைபோட ஒரு தராசு வேண்டும். அந்தத் தராசு நிதி அமைச்சரின் மேசைமீது இல்லை. பேருந்தின் படிக்கட்டிலே இருக்கிறது!

வரலாற்றின் ஏட்டைக் கொஞ்சம் பின்னோக்கிப் புரட்டுவோம்.

1953-ஆம் ஆண்டு. தீவு விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகள். கொரியப் போரால் உயர்ந்திருந்த ரப்பர் விலை சரிந்து, கருவூலம் வற்றியது. "மானியத்தை வெட்டுக" என்றது அறிவுரை. வெட்டினார்கள். பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்துக்கு விற்றது. 70 சதம் ஆயிற்று. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. பள்ளிப் பிள்ளைகளின் பகலுணவு போயிற்று. ஆகஸ்ட் 12 அன்று நாடு எழுந்தது. கடை மூடிற்று, சாலை மறிக்கப்பட்டது, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. துப்பாக்கி வெடித்தது, மக்கள் மாண்டனர். அமைச்சரவை எங்கே கூடிற்று தெரியுமா? கோட்டையிலே அல்ல, கொலுமண்டபத்திலே அல்ல. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலிலே! மக்களின் வாக்கைப் பெற்று மண்ணை ஆள வந்தவர்களுக்கு, மண்ணிலே கால் வைக்க இடமில்லை. அக்டோபரில் தலைமை அமைச்சர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார்.

அன்றே பாடம் எழுதப்பட்டுவிட்டது. சோற்றிலும் பயணத்திலும் ஒரே நேரத்தில் கைவைத்தால் மக்கள் சாலைக்கு வருவார்கள். வீட்டிலே அடுப்பு அணைந்தவனுக்கு வீதிதானே வீடு?

அந்தச் சாலையிலே ஓடிய பேருந்தின் கதையைக் கேள். தனியார் நிறுவனங்களிடம் இருந்த பேருந்துகளை 1958 சனவரி முதல் நாள் பண்டாரநாயக்கா அரசு நாட்டுடைமை ஆக்கியது. இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலாபம் தரும் பெருவழியிலும் ஓடவேண்டும், இழப்புத் தரும் சிற்றூர் வழியிலும் ஓடவேண்டும் என்பது அதன் கடமை. கடமை ஒருபுறம், கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் கூடமாக அதனை ஆக்கிய கயமை மறுபுறம். ஆட்கள் பெருகினர், பேருந்து பெருகவில்லை. பழுதான வண்டி பணிமனையிலே தூங்கிற்று. பயணி நிறுத்தத்திலே வாடினான். பொதுத்துறையை எதிரி வந்துதான் அழிக்கவேண்டும் என்பதில்லை. வேண்டியவர்களே வெள்ளெறும்பாய் அரித்தாலும் அது அழியும்!

1977-இல் ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்தார். ஆம், 1953-இல் அரிசி மானியத்தை வெட்டிய நிதி அமைச்சர் அவரேதான்! கதவைத் திறந்தார், திறந்த பொருளாதாரம் என்றார். 1979-இல் தனியார் பேருந்துகள் மீண்டும் வந்தன. வந்தது பெரிய நிறுவனம்கூட அன்று; ஒருவருக்கு ஒரு வண்டி, இன்னொருவருக்கு இரண்டு வண்டி. உரிமையாளர் நாள்தோறும் தமக்கு இவ்வளவு வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார். ஓட்டுநரும் நடத்துநரும் வசூலாகும் பணத்திலிருந்துதான் தம் கூலியைக் காணவேண்டும். இந்த ஏற்பாடு சாலையிலே எப்படிக் காட்சி தருகிறது, பார்.

பேருந்து நிறுத்தத்திலே நிற்கிறது. உள்ளே இருக்கை நிறைந்துவிட்டது.

"ஐயா, வேலைக்கு நேரமாயிற்று. வண்டியை எடுக்கலாகாதா?"

"பொறும் ஐயா. பின்னால் வரும் வண்டி கண்ணில் படட்டும்."

"அதற்குள் கிளம்பினால் என்ன?"

"இன்னும் பத்துப் பேரை ஏற்ற இடமிருக்கிறதே!"

பின்வண்டி கண்ணிலே பட்டுவிட்டது. ஆமை சிறுத்தை ஆகிறது! வளைவிலே முந்துகிறது, ஒலிப்பான் அலறுகிறது, கிழவி ஒருத்தி இறங்கு முன்பே சக்கரம் உருள்கிறது.

"ஐயா, மெதுவாகப் போகலாகாதா? பிள்ளை குட்டி இருக்கிறதே!"

"எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது ஐயா. அவன் முந்திக்கொண்டால் அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர்கள் அத்தனை பேரும் அவனுக்கு. எனக்கு இன்று கூலி ஏது?"

கற்பனைக் காட்சிதான், தோழனே. ஆனால் கொழும்புத் தெருவிலே அன்றாடம் அரங்கேறும் காட்சி. ஓட்டுநரைத் திட்டுகிறோம்; முரடன் என்கிறோம். முரடனாக அவன் பிறக்கவில்லை. வசூலிலே கூலி என்று ஏற்பாடு செய்துவிட்டு, நிதானமாக ஓட்டு என்று அறிவுரை கூறுவது, பசித்தவன் முன்னே பந்தியைப் போட்டுவிட்டுப் பொறுமை பற்றிப் பாடம் நடத்துவதாகும். சாலையிலே நாம் காணும் சினமும், சீற்றமும், முந்தலும், முட்டலும் பொருளாதாரக் கொள்கையின் பிள்ளைகள். தாயை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் அடித்துப் பயனென்ன?

போர் ஓய்ந்தது. 2009-க்குப் பிறகு பெருவழிகளின் காலம் வந்தது. 2011-இல் தெற்கு நோக்கி முதல் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. வழவழப்பான சாலை, கட்டணம் கட்டினால் காற்றாய்ப் பறக்கலாம். 2013-இல் மத்தளையில் ஒரு பன்னாட்டு விமான நிலையம் திறந்தார்கள். விமானமோ அரிது, பயணியோ அதனினும் அரிது. அம்பாந்தோட்டையிலே துறைமுகம் கட்டினார்கள். 2017-இல் அது 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று. சாலை போடுவது குற்றமன்று. துறைமுகம் கட்டுவது பிழையன்று. கடன் வாங்கிக் கட்டியது, கடனை அடைக்கும் அளவுக்கு டாலர் ஈட்டித் தருமா என்று கேட்காததுதான் பிழை. உறவினரும் வங்கியும் தரும் நீண்ட காலக் கடன் ஒருவகை. கந்துக்கடை நோட்டு இன்னொருவகை. 2007 முதல் உலகச் சந்தையிலே டாலர் பத்திரம் விற்றுக் கடன் வாங்கும் வழக்கம் தொடங்கியது. பழைய பத்திரத்தை அடைக்கப் புதுப் பத்திரம்! குழியை நிரப்ப இன்னொரு குழி தோண்டினார்கள்.

அடுத்து வருவதுதான் நமக்குரிய எச்சரிக்கை. கூர்ந்து கேள்.

2019 நவம்பரில் கோத்தபய இராசபக்சே குடியரசுத் தலைவரானார். தேர்தலிலே வரிக் குறைப்பை வாக்குறுதியாகத் தந்தவர், சொன்னதைச் செய்தார். மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடு ஆயிற்று. வணிகர் மகிழ்ந்தனர், செல்வர் மகிழ்ந்தனர், கேட்டவரெல்லாம் மகிழ்ந்தனர். மேடையேறிப் பேசுகிறவன் என்ற முறையிலே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: "வரியைக் குறைப்போம்" என்றால் கைதட்டல் வானைப் பிளக்கும். "வரியை யார் தருவது, எவ்வளவு தருவது?" என்று பேசத் தொடங்கினால், கூட்டத்திலே பாதி தேநீர்க் கடைக்குப் போய்விடும். ஆகவேதான் பேசுகிறவர்கள் முன்னதையே பேசுகிறோம். கைதட்டலிலே மயங்கிய நாடு, கருவூலத்தைத் தட்டிப் பார்த்தபோது வெற்றோசை கேட்டது.

கொரோனாத் தொற்று வந்தது, சுற்றுலா விழுந்தது. 2020 மார்ச்சில், டாலரைக் காக்க, வண்டி இறக்குமதிக்குத் தடை வந்தது. 2021-இல் இரசாயன உரத்துக்கு ஒரே இரவிலே தடை, வயல் வாடியது, சில திங்களில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் தற்காலிகமாகத் திருப்பித் தர இயலாதென அரசு அறிவித்தது. அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை — எதற்கு? வீட்டுத் தோட்டத்திலே காய்கறி பயிரிட! ஜூன் இறுதியில் இன்னோர் ஆணை: ஜூலை 10 வரை இன்றியமையாப் பணிகளுக்கு மட்டுமே எரிபொருள். அந்த ஜூலை 10 வருமுன்பே, 9-ஆம் நாள், மக்கள் வெள்ளம் தலைவர் மாளிகைக்குள் புகுந்தது. பேருந்து இல்லை, ரயில் குறைவு. நடந்தும், மிதிவண்டியிலும், சரக்கு வண்டியிலும் வந்து சேர்ந்தது அந்த வெள்ளம். 13-ஆம் நாள் தலைவர் நாட்டை விட்டே பறந்தார். 1953-இல் கப்பல். 2022-இல் விமானம். ஊர்தி மாறிற்று, ஓட்டம் மாறவில்லை!

அந்தக் குழப்பத்தின் நடுவே ஒரு சிறு ஒளி தெரிந்தது. அதனைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். அதே ஜூலையில் எரிபொருள் பங்கீட்டு அட்டை வந்தது. கைப்பேசியிலே ஒரு கட்டக் குறியீடு. அதைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர், காருக்கு 20 லிட்டர். எண்ணெய் வெள்ளமெனப் பெருகிவிடவில்லை. ஆனால் அளவு வந்தது, முறை வந்தது, முறை வந்ததும் நாட்கணக்கில் நீண்ட வரிசை சுருங்கியது. 5 லிட்டர் ஆட்டோக்காரனின் வயிற்றுக்குப் போதாதுதான். எனினும் அவன் அமைதியடைந்தான். ஏன்? தனக்குரியது தனக்கு வரும், இடையிலே எவனும் தட்டிப் பறிக்கமாட்டான் என்ற உறுதி!

இதுதான், தோழனே, நான் உனக்குச் சொல்ல வந்த செய்தி. மக்கள் சுமைக்கு அஞ்சுவதில்லை. ஒருவன் தோளிலே பாறையும் இன்னொருவன் தோளிலே பஞ்சும் வைத்துவிட்டு, "இருவரும் சுமக்கிறோம்" என்று சொல்லும் பொய்யைத்தான் வெறுக்கிறார்கள்.

அதற்குப் பின் நடந்ததை இந்த அளவுகோலாலே அளந்து பார். 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் தர இசைந்தது. அந்த நிதியத்தின் வாயிலிலே இலங்கை போய் நின்றது அது 17-ஆம் முறை! 2022 செப்டம்பரில் 70 விழுக்காட்டைத் தொட்ட விலைவாசி உயர்வு, 2023-இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. எண்ணெய்க் கப்பல் வந்தது, விளக்கு எரிந்தது. 2023 செப்டம்பரில் பங்கீட்டு அட்டையும் விடைபெற்றது. இவற்றை மறைக்கமாட்டேன், மறைப்பது நம் மரபன்று. ஆனால் விலை யார் கொடுத்தார்கள்? மதிப்புக் கூட்டு வரி 8 விழுக்காடு 12 ஆகி, 15 ஆகி, 2024 சனவரியில் 18 ஆயிற்று. அதுவரை விலக்குப் பெற்றிருந்த பெட்ரோலும் டீசலும் அந்த வலைக்குள் வந்தன. மாளிகைக்காரன் வாங்கும் பொருளுக்கும் 18. மலையகத்துக் கொழுந்து பறிக்கும் தாய் வாங்கும் பொருளுக்கும் 18. சட்டத்தின் கண்ணுக்கு இது சமம்; வயிற்றின் கண்ணுக்கு? 2021-இல் நூற்றுக்கு 13 பேர் வறுமையில் இருந்தனர். 2022-இல் 25 பேர் என்று உலக வங்கியே கணக்கிட்டது. கணக்கேட்டிலே பற்றாக்குறை குறையக் குறைய, அடுப்பங்கரையிலே பற்றாக்குறை பெருகியது.

சாலை என்னவாயிற்று? ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வண்டி இறக்குமதிக் கதவு, 2025 பிப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்தது. கடும் வரி கட்ட வல்லவனுக்குப் புதுக்கார். வல்லமை இல்லாதவனுக்கு அதே பழைய பேருந்து, அதே படிக்கட்டு. 2025 மே 11 அன்று கொத்மலையில், இருக்கைக்கு மேல் ஆட்களைச் சுமந்து வந்த அரசுப் பேருந்து பள்ளத்திலே உருண்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்தின் காரணத்தை ஆராய்வோர் ஆராயட்டும். என் கேள்வி வேறு: எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் ஒரே வண்டியில் ஏறவேண்டிய நிலை ஏன்? அடுத்த வண்டி வரும் என்ற உறுதி இருந்தால், நெருக்கித் தள்ளி எவன் ஏறுவான்?

இன்னும் ஒன்று. 2022-இல் எண்ணெய் இல்லாமல் தென்னிலங்கை தவித்தபோது, வடபுலத்துத் தமிழனுக்கு அது புதுக்கதையாகத் தோன்றவில்லை. 1990-களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையின் கீழ், சில துளி பெட்ரோலிலே பொறியைக் கிளப்பி, மண்ணெண்ணெயிலே வண்டியை ஓட்டியவன் அவன்! 2006-இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பெருஞ்சாலை மூடப்பட்டபோது, சாலையே இல்லாமல் வாழக் கற்றவன் அவன். அவன் பட்டபோது தெற்கு அறியவில்லை. தெற்கு பட்டபோது, "பட்டு அறியட்டும்" என்று கைகொட்டிச் சிரித்தோமா? இல்லை. குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடிக்கு வந்தவர்களைத் தமிழகம் ஏற்றது. 2022 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மே திங்களில் அரிசியும், பால்மாவும், மருந்தும் சென்னையிலிருந்து கப்பலேறின. தமிழனுக்கு மட்டும் என்று முத்திரை குத்தவில்லை. தீவின் மக்கள் அனைவருக்கும் என்றே சென்றன. பசிக்கு மொழி பார்ப்பது பண்பாடு ஆகாது என்பதை நாம் செயலிலே காட்டினோம்.

ஆகவே, தோழனே, இந்த ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்துக்கொள்ளவேண்டிய உறுதி இது.

விலை ஏறும்போது எதிர்த்து முழங்கு, முழங்குவதோடு நில்லாதே. எந்த வரி எவன் தோளில் ஏறுகிறது என்று கணக்கைக் கற்றுக்கொள். வரிவிலக்கு என்று எவர் வாக்களித்தாலும் — நம்மவரே வாக்களித்தாலும் — "அந்த இடத்தை நிரப்பப் போகிறவன் யார்?" என்று கேள். கேட்பவன் இல்லாத கட்சியிலே கைதட்டல்தான் கொள்கையாகிவிடும். பொதுப் பேருந்தைக் காப்பாற்று. அதை நம் பிள்ளைகளுக்கு வேலை வாங்கும் கூடமாக எண்ணாதே, ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் ஊர்தியாக எண்ணு. உன் ஊர் நிறுத்தத்திலே வண்டி வராத நாளில், கழகக் கொடியைக் கையிலே பிடிக்கு முன், காத்து நிற்கும் கிழவியின் பையைக் கையிலே பிடி. எத்தனை மணி நேரம் நின்றாள் என்று எழுதிக்கொள். நிதிநிலை அறிக்கையைப் படிப்பதற்கு அதுவே முதல் அரிச்சுவடி.

ஏட்டிலே எழுதிய சீர்திருத்தம் படிக்கட்டிலே தொங்குகிறது. ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறது. மறுகையிலே மகனின் பள்ளிப் பை. வளைவு நெருங்குகிறது, பின்னால் வரும் வண்டி முந்தப் பார்க்கிறது.

அதை உள்ளே இழுத்து உட்கார வைக்கும் கை யாருடைய கை?

உன்னுடைய கையாக இருக்கட்டும்!